ஐந்து கட்டைக்கு மேலே ஓர் உறுமல்

நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெறுங்கால். இடது கை ஆம்ப்ளிஃபயரின் தகர முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே ஜமக்காளத்தில் என் மனைவி வசுமதி, மைக்குக்கு முன்னால் கண்ணை மூடி, சுருதியோடு சேரப் பார்க்கிறாள்.

"கையை எடுக்காதேங்கோ."

"எடுக்கலை."

"எடுத்தேள். உர்ருங்கறது."

எடுத்தது வாஸ்தவம். மூக்கு அரித்தது. உலகத்தில் எத்தனையோ ஜீவராசிகள் மூக்கைச் சொறிந்துகொண்டு நிம்மதியாக வாழ்கின்றன. நான் சொறிந்தால் மட்டும் ஹாலில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் உறுமும். கை ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்தால் உறுமல் அடங்கும். எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கரண்டுக்கும் பூமிக்கும் நடுவே பாலமாக இருக்க வேண்டிய எர்த் கம்பியின் வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

தலை நரைத்த பிறகு சிலருக்குக் கம்பெனியில் டைரக்டர் பதவி கிடைக்கிறது. சிலருக்குக் கோயில் டிரஸ்டி. எனக்குக் கிடைத்தது இது.

அரை மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும் என்றாள். நாலாவது நிமிஷத்தில் எனக்குத் தும்மல் வந்தது. வசுமதி மைக்கை அணைத்துவிட்டு எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

அப்படி என்ன அவசரம்?

வசுமதி கல்யாணத்துக்கு முன்பு கச்சேரி செய்தவள். பிறகு குழந்தை, அப்புறம் மாமியார், அப்புறம் தொண்டை, அப்புறம் 'யார் கூப்பிட்டா?' என்று ஒவ்வொன்றாகக் காரணம் சேர்ந்து, இப்போது பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுப்பதோடு நிற்கிறாள். இந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவிலிருந்து ஃபோன் வந்தது. மார்கழியில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் பாடி, நல்ல ஒலிப்பதிவாக வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் கமிட்டியில் வைத்துக் கேட்பார்கள்.

பன்னிரண்டு மணிக் கச்சேரி என்றால் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நேரத்தில் சபாவில் இருக்கும் கூட்டம் முழுக்க கேன்டீனில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும். ஹாலில் ஏசிக்காக வந்து தூங்குகிறவர் ஒருவர், பாடகியின் சித்தி ஒருவர். அவ்வளவுதான். ஆனாலும் மேடை மேடைதான்.

வசுமதி எப்போதும் "வேண்டாம்" என்பாள். இந்தத் தடவை "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டு அகராதியில் 'பாக்கலாம்' என்பது மற்றவர்கள் வீட்டில் மேளம் கொட்டுவதற்குச் சமம். அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை விட்டேன். "ஆத்துலயே ஸ்டுடியோ இருக்கறச்சே உனக்கென்ன கவலை?"

ஸ்டுடியோ என்று நான் சொன்னது, கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டரை மூடியபோது அடித்துப் பிடித்து வாங்கி வந்த பழைய ஆம்ப்ளிஃபயரை. மைக் சொருகலாம், கம்ப்யூட்டருக்குப் பதிவாக அனுப்பலாம், முழங்காலில் இடித்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரியது.

இப்போது இந்த உறுமலால் பதிவு நின்றால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கோபப்பட மாட்டாள். "பரவாயில்லை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பாள். அந்த அடுத்த வருஷம் வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

'மொபைலில் பதிந்து அனுப்பியிருக்கலாமே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பதிந்தோம். கேட்டுவிட்டு, "கிணத்துல விழுந்தவ காப்பாத்துங்கோன்னு கத்தற மாதிரி இருக்கு" என்றாள். அந்த அத்தியாயம் முடிந்தது.

உறுமலின் சுருதி

முதலில் இந்த உறுமலை நான் ஒரு சத்தம் என்றுதான் நினைத்தேன். வசுமதிதான் அதற்கு ஜாதகம் கணித்தாள். காதைச் சாய்த்து, ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தாள்.

"அஞ்சு கட்டைக்கு ஒரு இழை மேல."

அவள் பாடுவது சரியாக ஐந்து கட்டை. அதாவது ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் அவளுக்கு ஸட்ஜம், பாட்டுக்கு ஆதாரமான 'ஸ'. உறுமல் ரொம்பத் தள்ளி இருந்தால், தெருவில் போகும் தண்ணி லாரி என்று மறந்துவிடலாம். இது பக்கத்திலேயே நின்றுகொண்டு தோளால் இடிக்கிறது. பாட ஆரம்பித்தால் தன்னோடு இழுக்கிறது. பாட்டு கற்க வரும் குழந்தைகள் எல்லாரும் கொஞ்ச நாளாகச் சேர்ந்தாற்போல் ஒரு இழை ஏறிப் பாடுவது ஏன் என்ற மர்மமும் அன்றுதான் விலகியது. பாவம், அத்தனையும் கரண்டோடு சேர்ந்து பாடியிருக்கின்றன.

ஆஸ்பத்திரிப் படலம்

இதற்கு முன்பே இந்த ஆம்ப்ளிஃபயர் எனக்கு ஒரு எச்சரிக்கை விட்டிருந்தது. நான் புரிந்துகொண்ட விதம்தான் வேறு.

கொஞ்ச நாளாகச் சாயங்காலம் பாட்டுக் கேட்க உட்காரும்போதெல்லாம் இடது கை விரலில் சுருக் சுருக்கென்று எறும்பு கடிப்பது போல இருந்தது. இடது கை. என் வயசு. இரண்டையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் யாரிடமும் சொல்லாமல் அடையாறில் ஒரு இருதய டாக்டரிடம் ஓடினேன். போகும் வழியில் ஆட்டோவிலேயே எல்ஐசி பாலிசி எந்த பீரோவில் இருக்கிறது என்று வசுமதிக்கு மெசேஜ் அனுப்பினேன். அவள், "வரச்சே அரை கிலோ சேப்பங்கிழங்கு" என்று பதில் போட்டாள்.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். ஓட விட்டார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி இருக்கீங்க. எப்பல்லாம் வருது இது?" என்றார்.

"பாட்டுக் கேக்கும்போது."

"எந்த மாதிரி பாட்டு?"

"எல்லாப் பாட்டுக்கும் வருது டாக்டர்."

"ரசனை ஜாஸ்தி போல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான் இடது கையால் ஆம்ப்ளிஃபயரைத் தொடுகிறேன் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆலோசகர்கள்

தும்மல் சம்பவத்துக்குப் பிறகு நான் சேர்ந்திருக்கும் ஆடியோ வாட்ஸப் குழுவில் கேட்டேன். இந்தக் குழுவில் யாரும் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒயரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒருவர், கட்டைவிரல் தடிமனில் செம்புக் கேபிள் போடச் சொன்னார். ஒருவர், ஆம்ப்ளிஃபயரைக் கருங்கல் மேல் வைக்கச் சொன்னார். நான் அம்மிக்கல்லைப் பார்த்தேன், வசுமதி என்னைப் பார்த்தாள், விட்டுவிட்டேன். இன்னொருவர், மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை ரம்பத்தால் அறுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்றார். அறுத்தவருடைய உயிரும் சேர்ந்து நிற்க வாய்ப்புண்டு என்று வேறொருவர் அதற்குக் கீழே எழுத, சண்டை மூண்டது. வேளச்சேரிக்காரர் ஒருவர் மட்டும், "எங்க வீட்ல இதே ப்ராப்ளம் இருந்தது, தானா சரியாயிடுச்சு" என்றார். ஆவலோடு எப்படி என்று கேட்டேன்.

"மழை வெள்ளத்துல ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு."

பாபுவின் பல்பு

செவ்வாய்க்கிழமை காலை சைதாப்பேட்டையிலிருந்து எலக்ட்ரீஷியன் பாபு வந்தார். வந்தவுடன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து விசில் அடித்தார்.

"இன்னா சார், ரயில் எஞ்சினை ஊட்டுக்குள்ள வச்சிக்கினு கீற?"

"உர்ருனு சத்தம் வருது பாபு."

"எஞ்சின்னா வரத்தான் செய்யும்." தானே சிரித்தார். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு சார் டென்சன்? டூ பின் பிளக்கு மாட்டினா மேட்டர் ஓவரு."

"அப்போ எர்த்து?" என்றாள் வசுமதி, சமையலறையிலிருந்தே.

பாபு தலையைச் சொறிந்தார். இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர்களை அவருக்குப் பிடிக்காது. வேண்டாவெறுப்பாகப் பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தார். அதில் இரண்டு ஒயர் தொங்கியது. பிளக் பாயின்ட்டின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் விட்டார். பளிச்சென்று எரிந்தது. பிறகு ஒரு ஒயரை மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு, அதாவது எர்த்துக்கு, மாற்றினார். எரியவில்லை. ஒரு அறையாக விட்டு இன்னொரு அறை போனோம். எங்கும் எரியவில்லை.

"ஊடு ஃபுல்லா எர்த்தே இல்ல சார். ஒயர் பேருக்குத்தான் கீது."

உடனே சோபா மேல் ஏறி நின்றுகொண்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

"எறங்குங்கோ, ஸ்ப்ரிங் போயிடும்" என்றாள் வசுமதி.

கீழே கார் நிறுத்தும் இடத்தில், மீட்டர் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்புப் பட்டை சுவரோடு இறங்குகிறது. கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டு எர்த்தும் அதில்தான் சேர்ந்து, தரைக்குள் ஒரு குழிக்குப் போக வேண்டும். குழியில் கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பார்கள். பட்டை தரைவரை வந்தது. அங்கே ரம்பத்தால் அறுத்த அடையாளம். அதற்குக் கீழே, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு, புத்தம் புது டைல்ஸ்.

டைல்ஸ் மேல் செயலாளரின் கார்.

அண்ணாச்சியின் கனவு

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் செல்வராஜ் அண்ணாச்சி. தி. நகரில் ஜவுளிக்கடை. நல்ல மனுஷர். ஆனால் கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட்டது அவருடைய வாழ்நாள் சாதனை. யாராவது மேலே சைக்கிளை ஸ்டாண்டு போட்டால், அவருக்கு நெஞ்சில் ஸ்டாண்டு போட்ட மாதிரி இருக்கும்.

"உடைக்கணுமா? என்ன சார் சொல்லுதீங்க?"

"அடியில எர்த் குழி இருக்கு அண்ணாச்சி. மேஸ்திரி பட்டையை அறுத்துட்டு மூடியிருக்கார்."

"அங்க ஒரு பழைய சிமெண்டு மூடி கெடந்துச்சு. எதோ சாக்கடை மூடின்னு நான்தான் லெவல் பண்ணச் சொன்னேன்." கொஞ்சம் யோசித்தார். "எர்த்து இல்லன்னா கட்டடமே ஷாக் அடிக்கணும்லா? ஒருத்தராவது கம்ப்ளைன்ட் பண்ணியிருக்காங்களா? உங்க ரேடியோப் பெட்டி ஒண்ணு உறுமுதுன்னு ஊருக்கே போட்ட டைல்ஸ உடைக்கச் சொன்னா நாயமா?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஜெனரல் பாடி கூட்டுவோம், தீர்மானம் போடுவோம் என்றார். எங்கள் ஜெனரல் பாடி கூடினால் லிஃப்டுக்குள் யார் வெற்றிலை துப்பினார்கள் என்பதைத் தாண்டி எந்த விஷயமும் போனதில்லை. வெள்ளிக்கிழமை என்ன, அடுத்த மார்கழிக்குள்ளேயே முடியாது.

செருப்பும் மணையும்

மறுநாள் கெஞ்சுவதற்காக அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். வெயில். அவருடைய மனைவி, "உக்காருங்க சார், மோர் தாரேன்" என்று உள்ளே போனார். சமையலறை எனக்கு நேர் எதிரே. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அந்த அம்மா போகிற போக்கில் அதில் காலை நுழைத்தார், ஃப்ரிட்ஜைத் திறந்தார், மோரை எடுத்தார், மூடினார், செருப்பைக் கழற்றிவிட்டார், வெறுங்காலோடு என்னிடம் வந்தார்.

நான் மோரை வாங்கவில்லை.

"அந்தச் செருப்பு எதுக்கு?"

"அதுவா? ஃப்ரிட்ஜு பழசாயிட்டு சார். லேசாப் பிடிக்கும். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

அண்ணாச்சி பேப்பரைக் கீழே வைத்தார். "எப்பேர்ந்து?"

"நீங்க கீழ டைல்ஸ் போட்டீங்கள்லா, அப்ப வாக்குல."

அவர் எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அங்கே செருப்பு இல்லை; வாஷிங் மெஷினுக்கு முன்னால் நாலாக மடித்த கித்தான் சாக்கு. மேல் மாடியில் கிருஷ்ணமூர்த்தி வீடு. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஆசாரமானவர். சமையலறையில் செருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் பலா மரத்தில் ஒரு மணை போட்டிருந்தார். ஆவணி அவிட்டத்துக்கு உட்காருகிற அதே மணை. ஒவ்வொரு தடவையும் அதன் மேல் ஏறி நின்றுதான் ஃப்ரிட்ஜைத் திறப்பாராம். மடியும் கெடாது, உயிரும் போகாது.

"ஈஸ்வரா! எல்லார் ஆத்துலயும் உண்டா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "என் ஃப்ரிட்ஜுக்கு மட்டும்தான்னு நெனச்சுண்டிருந்தேன். வெளியில சொன்னா, இன்னும் பழசையே வச்சுண்டிருக்கான் பாருன்னு சிரிப்பாளேன்னு வாயைத் தெறக்கலை."

பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் ஏதோ ஒன்று. ஒவ்வொருவரும் தன் வீட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு மௌனமாகச் செருப்பு போட்டிருக்கிறார்கள். நான் என் வீட்டுக்கு வந்து சொன்னபோது வசுமதி அலட்டிக்கொள்ளவில்லை.

"நானும் கிரைண்டரை முந்தானையைச் சுத்திண்டுதான் தொடறேன்."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னா மறுபடியும் ஈசிஜி எடுப்பேள்."

அன்று சாயங்காலம் அண்ணாச்சி தானாகவே மேலே வந்தார். வாசலிலேயே நின்றார். "என் வீட்டுக்காரி தெனமும் ஈரக் கையோட கீசர் சுவிட்சப் போடுதா சார்" என்றார். சற்று நேரம் காலிங் பெல்லையே பார்த்தார். "நாளைக்குக் காலைல உடைச்சிருங்க."

உடைத்தல்

காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும் தாய்மாமன் மாதிரி, அண்ணாச்சி மோட்டார் ரூமைப் பார்த்தபடி நின்றார். பாபு கொண்டுவந்த ஆள் கடப்பாரையை ஓங்கும்போதெல்லாம் அவர் தோள் ஒரு தரம் குலுங்கியது. மூடியைத் தூக்கினால் குழி எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மெயினை அணைத்து, புதுப் பட்டை பூட்டி, கரியும் கல்லுப்பும் கொட்டி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார்கள். உப்புப் போடுகையில் பாபு, "ஊறுகா ரெடி சார்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாம் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

மேலே வந்து பாபு பல்பை வைத்தார். எர்த்தில் பளிச்சென்று எரிந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

வசுமதி உட்கார்ந்தாள். சுருதியைப் போட்டாள். கல்யாணி ராகத்தில் இரண்டு வரி இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். நிறுத்தினாள்.

"என்ன? மறுபடியும் வரதா?"

"இல்லை. ஒண்ணுமே இல்லை." தம்ளரிலிருந்து வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். "இப்போ என் குரல் மட்டும்தான் கேக்கறது. அதான் பயமா இருக்கு. இத்தனை நாளும் எது சரியில்லேன்னாலும் அந்த உர்ருதான் காரணம்னு இருந்துட்டேன்."

எனக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை இருக்கும். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நன்னா இருக்கு" என்றேன். சாம்பாருக்கும் அதையேதான் சொல்கிறேன் என்பதால் அதற்கு மதிப்பு இல்லை.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு பண்ணுங்கோ. ரெக்கார்டைப் போட்டுட்டு வெளியில போங்கோ. கீழ போங்கோ. நீங்க மூச்சைப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தா, அதைத்தான் நான் கேட்டுண்டிருக்கேன்."

உறுமலை ஒழித்துக்கட்டிய பிறகு அந்த ஹாலில் மிச்சமிருந்த இரைச்சல் நான்தான்.

கீழே

போனேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் ஹால் ஜன்னல் நேர் மேலே, முதல் மாடியில். கொஞ்ச நேரம் காக்கை மட்டும் கத்தியது. பிறகு, மெதுவாக, மேலிருந்து கல்யாணி இறங்கியது.

அப்போது அண்ணாச்சி சாவிக்கொத்தோடு வந்தார். மோட்டார் போடும் நேரம். காலையிலிருந்து கரண்டு இல்லாததால் மொட்டை மாடித் தொட்டி காலி. இந்த மோட்டார் ஓடினால் முதல் மாடி ஜன்னல் கம்பி அதிரும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டேன். பேசப் பயமாக இருந்தது. மைக் ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். சுவிட்சில் வைத்த கையை எடுத்தார். சாவிக்கொத்து குலுங்காதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடைந்த டைல்ஸ் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாம் மாடி பால்கனிக் கதவு திறந்தது. கிருஷ்ணமூர்த்தி. எங்கேயோ துக்கம் விசாரித்துவிட்டு வந்து தலை முழுகிக்கொண்டிருந்தவர், பாதியில் குழாய் நின்றிருக்கிறது. இடுப்பில் ஈரத் துண்டு, தலை முதல் தொப்பை வரை சோப்பு. ஒரு கண்ணை மட்டும் திறந்து, கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அண்ணாச்சி கீழேயிருந்து வாய்மேல் விரல் வைத்தார். ஜன்னலைக் காட்டினார்.

கிருஷ்ணமூர்த்தி வாயை மூடினார். சோப்போடு அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சோப்புத் தலை தாளத்துக்கு ஆட ஆரம்பித்தது. நுரை சொட்டுச் சொட்டாக அண்ணாச்சியின் கார் கூரையில் விழுந்தது. அண்ணாச்சி பார்த்தார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எத்தனை நேரம் என்று தெரியாது. வசுமதி கடைசிப் பாட்டை முடித்து, ஸட்ஜத்தில் வந்து நின்று, அதையும் மெல்லத் தேய்த்து நிறுத்தினாள். அந்த நிசப்தத்தில் இரண்டாம் மாடியிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"அப்பாடா!"

அண்ணாச்சி பாய்ந்து போய் மோட்டாரைப் போட்டார்.

நான் மேலே ஓடி, பதிவைப் போட்டுக் கேட்டேன். எல்லாம் பளிங்கு. கடைசியில் அந்த 'அப்பாடா'வும் பளிங்கு. "கவலைப்படாதே, இதை மட்டும் நறுக்கிடறேன்" என்றேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் வசுமதி.

"கமிட்டிக்காரா என்ன நினைப்பா?"

"பன்னெண்டு மணிக் கச்சேரிக்கு இப்பவே ஒரு ரசிகர் இருக்கார்னு நினைச்சுக்கட்டும்."

என் கையை விலக்கிவிட்டு, அனுப்பும் பொத்தானை அவளே அமுக்கினாள்.